சுவருக்கு வயது வரம்பு இல்லையா?

அபிராமம் கடைத்தெரு வழியே ஒரு தொழிலாளி தன் மகனைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றிருக்கிறான். மளிகைக் கடைப் பலகையைப் படிக்கிறான். பேருந்தின் நெற்றியில் கமுதி என்றிருப்பதைப் படிக்கிறான். அடுத்து ஒரு சுவர். "அப்பா, ஆண்மைக் குறைவு என்றால் என்ன?" என்று உரக்கக் கேட்கிறான். தகப்பனார் என்ன சொல்வார்? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடப்பார். வேறென்ன செய்வார்?

பிள்ளை படிக்க வேண்டும் என்றுதானே அவர் மூட்டை சுமக்கிறார்? படிக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தெரு நடத்தும் முதற் பாடம் இதுதானா?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது! ஆண்மையைப் பெருக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமே தடுக்கிறது. முதற் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு. பொது இடங்களில் ஆபாச விளம்பரம் வைப்பதைத் தடுக்க 1959-இல் சென்னை இராச்சியச் சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. பெண்ணை இழிவாகச் சித்தரிக்கும் விளம்பரத்துக்கு எதிராக 1986-இல் இன்னொரு சட்டம் வந்தது. ஏட்டில் எல்லாம் இருக்கிறது. சுவரில்தான் எதுவும் இல்லை!

திரைப்படத்தைப் பாருங்கள். 'ஏ' சான்றிதழ் பெற்ற படத்துக்கு 18 வயது நிரம்பாதவரைக் கொட்டகைக்குள் விடக்கூடாது. சரி, அதன் சுவரொட்டிக்கு? சீட்டுக் கொடுக்க வயது கேட்கிறோம். சுவரைப் பார்க்க வயது கேட்பார் உண்டா?

"பேச்சுரிமை என்னாவது?" என்கிறார்கள் சிலர். உரிமைக்காகப் போராடியவர்கள் நாம். அதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஒழுக்கமும் நாகரிகமும் கருதி நியாயமான கட்டுப்பாடு விதிக்க அரசியல் சட்டத்தின் 19(2) பிரிவே இடம் தருகிறது. பிடிக்காத பத்திரிகையை மூடி வைக்கலாம், தொலைக்காட்சியை நிறுத்தலாம். தெருவை மூட முடியுமா? உடலைப் பற்றிய அறிவு பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றும் நாம் சொல்லவில்லை. அதை ஆசிரியர் சொல்லட்டும், மருத்துவர் சொல்லட்டும். பயமுறுத்திப் பணம் பறிக்கும் வியாபாரி சொல்ல வேண்டாம்!

"நடக்கிற காரியமா?" என்பார்கள். ஏன் நடக்காது? முன்பு முச்சந்திதோறும் சிகரெட் விளம்பரம் நின்றது. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 2004 மே முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பெரிய பலகைகள் இறங்கின. பிரேசில் நாட்டின் சாவ் பாலோ பெருநகரம் 2007 முதல் தெரு விளம்பரப் பலகைகளையே தடை செய்தது; ஏறத்தாழ 15,000 பலகைகளை அகற்றியது. அந்த ஊரில் வாணிபம் நின்றுவிடவில்லை.

நாம் கேட்பது பெரிதல்ல. பள்ளிக்கூடத்தின் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இத்தகைய சுவரொட்டியோ தட்டியோ கூடாது. பேரூராட்சி அதைக் கண்ட அன்றே அகற்ற வேண்டும். வழக்கு என்று வந்தால், இரவெல்லாம் கண் விழித்து ஒட்டிய கூலிக்காரனைப் பிடித்துக் கணக்குக் காட்டக் கூடாது. அச்சடிக்கப் பணம் கொடுத்த முதலாளியைப் பிடிக்க வேண்டும்.

கடைசியாக நமக்குள் ஒரு வார்த்தை, தோழர்களே! பள்ளிக்கூட மதிலில் நம் கூட்டச் சுவரொட்டியும் ஒட்டப்படுகிறது. அதன் பக்கத்திலேதான் மற்றவனும் துணிந்து ஒட்டுகிறான். "நீ ஒட்டலாம், நான் ஒட்டக் கூடாதா?" என்று அவன் கேட்டால் நம்மிடம் விடை இல்லை. ஆகவே, அந்த மதிலை முதலில் நாம் விடுவோம். பிறகு பேரூராட்சியின் கதவைத் தட்டுவோம். ஊரைத் திருத்தும் வேலை நம் கையிலுள்ள பசை வாளியிலிருந்து தொடங்கட்டும்!