சைக்கிள் பழகும் முகாமால் தலைகீழாக மாறிய புதுக்கோட்டை! பெண்கள் ரோட்டுக்கு வந்தது எப்படி?

புதுக்கோட்டை:

புதுக்கோட்டை மாவட்டத்தில் இன்றைக்கு எந்த கிராமத்துக்கு போனாலும் பள்ளிக்கூட பெண் பிள்ளைகள் வரிசையாக சைக்கிளில் வருவதை பார்க்கலாம். அக்காமார்கள் மொபட்டில் சந்தைக்கு போவதும் சாதாரணம். யாரும் திரும்பி கூட பார்ப்பதில்லை.

ஆனால் 1990-ம் ஆண்டு வாக்கில் கதையே வேறு. கிராமத்தில் ஒரு பெண் சைக்கிள் ஏறினால் டீக்கடையில் இருப்பவர்கள் எல்லாம் எழுந்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "பொம்பளைக்கு எதுக்கு சைக்கிள்?" என்ற கேள்வி முதலில் வீட்டுக்குள் இருந்தே வரும்.

இரண்டே ஆண்டுகளில் இந்த நிலை மாறியது. அதற்கு காரணம், ஊர் ஊராக நடந்த சைக்கிள் பயிற்சி முகாம்கள். அது நடந்தது எப்படி என்ற விவரம் வருமாறு:-

அறிவொளி இயக்கம்

எழுத்தறிவு இல்லாதவர்களுக்கு எழுத படிக்க சொல்லிக் கொடுக்க 1988-ல் தேசிய எழுத்தறிவு இயக்கத்தை மத்திய அரசு தொடங்கியது. 1990-ல் கேரளாவின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதை பார்த்து மற்ற மாவட்டங்களும் களத்தில் இறங்கின. புதுக்கோட்டையில் 1991-ல் அறிவொளி இயக்கம் தொடங்கியது.

அப்போது மாவட்ட கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். சம்பளம் வாங்காத தொண்டர்கள்தான் இந்த இயக்கத்தின் முதுகெலும்பு. பகலில் வயல் வேலை, கல்குவாரி வேலை முடிந்து வரும் ஜனங்களுக்கு சாயங்காலமும் இரவிலும் வகுப்பு எடுத்தார்கள். வகுப்புக்கு வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள்.

ஏன் சைக்கிள்?

இங்கேதான் சிக்கல் வந்தது. வறண்ட மாவட்டம். ஊர்கள் தள்ளித்தள்ளி இருக்கும். பஸ் எப்போதாவது ஒன்று வரும். வகுப்புகளை கவனிக்கும் பெண் தொண்டர்கள் ஒரு ஊரில் இருந்து இன்னொரு ஊருக்கு எப்படி போவது? அண்ணனையோ, அப்பாவையோ, வீட்டுக்காரரையோ "கொண்டு போய் விடுங்க" என்று கெஞ்ச வேண்டியதுதான். இருட்டிவிட்டால் அதுவும் கிடையாது.

பெண் தொண்டர்கள் முதலில் சைக்கிள் பழக வேண்டும், அவர்களை பார்த்து புதிதாக எழுத படிக்க கற்றவர்களும் பழக வேண்டும் என்பது கலெக்டரின் திட்டம். ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் இதற்கென தனி பொறுப்பு கொடுக்கப்பட்டது. சைக்கிள் வாங்க பெண்களுக்கு கடன் கொடுக்கும்படி பேங்குகளிடம் பேசப்பட்டது. அறிவொளி ஒருங்கிணைப்பாளர் என்.கண்ணம்மாள் போன்றவர்கள் முன்னால் நின்று இதை நடத்தினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை திருவிழா

முகாம் நடத்த பெரிய செலவு இல்லை. ஒரு பொட்டல் திடல், சில சைக்கிள்கள், ஏற்கனவே பழகிய பெண்கள் சிலர். அவ்வளவுதான். வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் பெண்கள் நல்ல சேலை கட்டிக்கொண்டு, ஏதோ திருவிழாவுக்கு போவது போல வந்தார்கள். ஒருத்தி ஏறுவாள், இன்னொருத்தி பின்னால் கேரியரை பிடித்துக்கொண்டு ஓடுவாள். விழுந்தால் சுற்றி நிற்கும் கூட்டாளிகள் சிரிப்பார்கள், அவர்களே தூக்கியும் விடுவார்கள்.

நேற்று பழகியவள் இன்றைக்கு வாத்தியார். இதுதான் இந்த முகாமின் ரகசியம். வெளியூரில் இருந்து ஆள் வந்து சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு அக்காவே ஓட்டும்போது "நமக்கு வராதா?" என்ற தைரியம் தானாக வந்துவிடும். முகாம்களில் பாடுவதற்கென்றே சைக்கிள் பாட்டும் எழுதப்பட்டது.

பள்ளி ஆசிரியைகள், கிராம சுகாதார நர்சுகள், அங்கன்வாடி பணியாளர்கள், விவசாய கூலி பெண்கள், குவாரியில் கல் உடைக்கும் பெண்கள், முஸ்லிம் குடும்பத்து பெண்கள் என்று எல்லா தரப்பினரும் பழகினார்கள்.

கேலியும் கிண்டலும்

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ரோட்டில் போகும்போது ஆபாசமாக கமெண்ட் அடித்தவர்கள் உண்டு. ஆனால் ஒருத்தி தனியாக போனால்தான் கேலி செய்ய முடியும். பத்து பேர் சேர்ந்து பெல் அடித்துக்கொண்டு போனால் கேலி செய்பவன்தான் ஒதுங்க வேண்டும்.

1992-ம் ஆண்டு மகளிர் தினத்தில் இது கண்கூடாக தெரிந்தது. சைக்கிள் ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு 1,500-க்கும் அதிகமான பெண்கள் புதுக்கோட்டை நகரில் பேரணி போனார்கள். நகரமே வாயை பிளந்து பார்த்தது.

பல இடங்களில் நடந்த போட்டிகளிலும், ஓட்டிக்காட்டும் நிகழ்ச்சிகளிலும் 70 ஆயிரத்துக்கும் அதிகமான பெண்கள் கலந்துகொண்டனர். மாவட்டத்தின் கிராமப்புறத்தில் 10 வயதை தாண்டிய பெண்களில் நான்கில் ஒருவருக்கு சைக்கிள் ஓட்ட தெரியும் என்று அப்போது கணக்கிடப்பட்டது. இதை பார்த்த யுனிசெப் நிறுவனம், அறிவொளி பெண் தொண்டர்களுக்கு 50 மொபட்டுகளை வழங்கியது.

ஆம்பள சைக்கிளுக்கு கிராக்கி

லேடீஸ் சைக்கிள் விற்பனை ஒரே ஆண்டில் 350 சதவீதத்துக்கு மேல் கூடியதாக உள்ளூர் வியாபாரி ஒருவரே சொன்னார். கடைகளில் ஸ்டாக் தீர்ந்ததால் பல பெண்கள் காத்திருக்காமல் 'ஜென்ட்ஸ்' சைக்கிளையே எடுத்தார்கள். அதை விரும்பி வாங்கியவர்களும் உண்டு. சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே இருக்கும் பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் அல்லவா!

என்ன லாபம்?

சைக்கிள் வந்ததும் முதலில் மிச்சமானது நேரம். அதுவரை விளைந்த பொருளை விற்க போகும் பெண் பஸ்சுக்காக காத்திருக்க வேண்டும். பஸ் ஸ்டாப் வரை கொண்டு விடுவதற்கே ஒரு ஆம்பளை வேண்டும். வீட்டில் பிள்ளைகள் தனியாக இருப்பதால் நாலு ஊர் சுற்றி விற்காமல் பாதியிலேயே திரும்ப வேண்டும். சைக்கிள் வந்த பிறகு கூடுதல் ஊர்களுக்கு போக முடிந்தது, வருமானமும் கூடியது. தண்ணீர் குடம் தூக்க, அரிசி மூட்டை கொண்டு வர, பிள்ளையை பள்ளியில் விட என்று எல்லாவற்றுக்கும் அதுவே உதவியது.

ஆனால் பல பெண்கள் பெரிதாக சொன்னது காசை அல்ல. "யாரையும் எதிர்பார்க்காமல் போய் வர முடிகிறது" என்பதைத்தான்.

பத்திரிகையாளர் பி.சாய்நாத் இந்த மாற்றத்தை எழுதினார். அந்த கட்டுரை இந்தி பாடமாகவும் வந்தது. வட மாநில பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் பல ஆண்டுகள் புதுக்கோட்டை பெண்களை பற்றி படித்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

பீகாரிலும் சைக்கிள்

2006-ல் பீகார் அரசு ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் திட்டம் கொண்டு வந்தது. இதனால் உயர்நிலை பள்ளியில் சேரும் மாணவிகள் 32 சதவீதம் கூடினார்கள் என்று பொருளாதார ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். பள்ளி 3 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேல் தள்ளி இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். தூரம்தான் படிப்புக்கு எதிரி என்பதற்கு இதுவே சாட்சி. தமிழகத்திலும் அரசின் இலவச சைக்கிள் திட்டம் லட்சக்கணக்கான மாணவ, மாணவிகளுக்கு கை கொடுத்தது.

இப்போதும் பழகலாம்

சைக்கிள் பழக வயது தடை இல்லை. நாலு பேர் சேர்ந்தால் உங்கள் தெருவிலேயே முகாம் நடத்தலாம்.

* இரண்டு காலும் தரையில் படும்படி சீட்டை இறக்க வேண்டும். பயம் பாதி போய்விடும்.

* முதலில் பெடல் மிதிக்க வேண்டாம். லேசான சரிவில் காலால் தள்ளி தள்ளி பேலன்ஸ் பழக வேண்டும்.

* பிடித்து ஓடுபவர் ஹேண்டில்பாரை பிடிக்கக் கூடாது. சீட் அல்லது கேரியரை பிடிக்க வேண்டும்.

* சக்கரத்தை பார்க்காமல் எதிரே பார்த்து ஓட்ட வேண்டும்.

* வேகத்தில் முன் பிரேக்கை மட்டும் அழுத்தினால் குப்புற விழ நேரிடும். பின் பிரேக்கையும் சேர்த்து பிடிக்க வேண்டும்.

* சேலை முந்தானையையும் துப்பட்டாவையும் இறுக்கி செருகிக்கொள்ள வேண்டும். செயின் கவரும், பின் சக்கரத்துக்கு சேலை கார்டும் அவசியம்.

* நன்றாக பழகும் வரை மெயின் ரோட்டுக்கு போகக் கூடாது.

ஒருவருக்கு வந்துவிட்டால் அடுத்தவருக்கு அவரே சொல்லிக் கொடுக்கலாம். 30 ஆண்டுகளுக்கு முன்பு புதுக்கோட்டையில் நடந்ததும் இதுதான்.