பெயரோடு பிறந்த பிள்ளை

பிள்ளை பிறந்த பிறகுதான் நாம் பெயர் தேடுவோம். பெயரையும் கையோடு கொண்டுவரும் பிள்ளையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

நைஜீரியாவில் யொரூபா மக்களிடம் அப்படி உண்டு. சில குழந்தைகளுக்குத் தலைமுடி சுருண்டு சுருண்டு, தானாகவே சின்னச் சின்னச் சடைகளாகத் திரண்டுவிடும். ஆணோ பெண்ணோ, அந்தப் பிள்ளைக்குப் பெயர் 'தாதா'. வானத்திலிருந்தே கொண்டுவந்த பெயர் என்பார்கள்.

மரபுப்படி, அந்தத் தலையில் சீப்பு படக்கூடாது. கண்டவர் கை படவும் விடமாட்டார்கள். முடியை எடுப்பதென்றால் அதற்கென்று சடங்கு உண்டு. சடைகளில் சோழி கோத்துவிடுவார்கள். பிள்ளை ஓடும்போது அந்தச் சோழிகள் ஒன்றோடொன்று உரசிக் கலகலக்கும். கேட்கவே எவ்வளவு அழகு!

தானாகச் சடை விழாத சுருள்முடிப் பிள்ளைகளுக்கு, இன்று பல தாய்மார்கள் கையாலேயே சடை தொடங்கிவைக்கிறார்கள். ஈரமுடியை இரண்டு புரியாகப் பிரித்து, மெல்ல முறுக்கிவிட்டால் போதும். மாதக்கணக்கில் மெதுவாகத் திரண்டு வரும். இறுக்கி இழுக்கவே கூடாது, நெற்றியோரத்துப் பிஞ்சு முடி உதிர்ந்துவிடும்.