பழைய கம்ப்யூட்டரை சாஃப்ட்வேர் எப்போது கைவிடலாம்?

எழுமலையில் பல வீடுகளில் அரசு கொடுத்த இலவச லேப்டாப் ஒன்று இன்னும் இருக்கிறது. தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. 2015-ல் ப்ளஸ் டூ படித்தபோது எனக்கும் ஒன்று கிடைத்தது. சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவன் என்பதால், ஊருக்குப் போனால் யாராவது ஒருவர் பிடித்துக் கொள்வார். "தம்பி, லேப்டாப் நல்லாத்தான் ஓடுது. சப்போர்ட் முடிஞ்சு போச்சுன்னு வருதே, இனிமே இது குப்பைதானா?"

குப்பை இல்லை. சப்போர்ட் முடிந்த அன்றே கம்ப்யூட்டர் நின்றுவிடாது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் பேட்ச் வருவது நின்றுவிடும், அவ்வளவுதான். மற்ற சாஃப்ட்வேர்கள் பிறகு ஒவ்வொன்றாக விலகும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ல் சப்போர்ட் முடிந்தது. கூகுள் குரோம் 2023 பிப்ரவரியில் விலகியது. அந்தச் சிஸ்டத்தில் பேங்க் பாஸ்வேர்டு அடிப்பது ஆபத்து.

சரி, ஏன் கைவிடுகிறார்கள்? "புதுசு விற்கத்தான்" என்பது பாதி உண்மைதான். மீதியைப் புரிந்துகொள்ள லினக்ஸைப் பாருங்கள். அது விற்பனைச் சரக்கல்ல. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸை எழுதத் தொடங்கியதே இன்டெல் 386 ப்ராசஸர் உள்ள கம்ப்யூட்டரில்தான். அந்த 386-க்கான சப்போர்ட்டை 2012 டிசம்பரில் நீக்கினார்கள். நினைவகத்தில் உள்ள ஓர் எண்ணை ஒப்பிட்டு, அதே நொடியில் மாற்றி எழுதும் ஒரு கட்டளை 486-ல் உண்டு, 386-ல் கிடையாது. அந்த ஒரு குறைக்காக கெர்னலில் பல இடங்களில் சுற்றுவழி போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அந்தச் சுற்றுவழி உடைகிறதா என்று பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு ஓடுகிற 386 யாரிடம் இருக்கிறது? சோதித்துப் பார்க்க முடியாத ஒன்றை "சப்போர்ட் உண்டு" என்று சொல்வதைவிட எடுத்துவிடுவதே நேர்மை. அந்த முடிவில் எனக்குக் குறையில்லை.

விண்டோஸ் 11 கதை வேறு. 2021 அக்டோபரில் வெளிவந்த அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசஸர் வேண்டும். எட்டாம் தலைமுறை வந்ததே 2017-ல்தான். அதற்கு முன் கொடுக்கப்பட்ட அரசு லேப்டாப்கள் எல்லாம் இந்தக் கோட்டுக்கு வெளியே. 2018 தொடக்கத்தில் ஏழாம் தலைமுறை லேப்டாப்பைக் காசு கொடுத்து வாங்கியவரும் வெளியே. பாதுகாப்புக்காக என்ற காரணம் பொய்யில்லை. ஆனால் 386-ஐப் போல இவை காணாமல் போன மெஷின்கள் அல்ல. விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தபோது அவை வீடு வீடாக ஓடிக்கொண்டிருந்தன. பதிவு செய்பவர்களுக்கு மேலும் ஓராண்டு பேட்ச் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்ததே அதற்குச் சாட்சி.

என்னைக் கேட்டால், மெஷினின் வயதை மட்டும் பார்த்துக் கோடு போடக் கூடாது. அதை வைத்திருப்பவர் அடுத்து எங்கே போவார் என்றும் பார்க்க வேண்டும். 2001-ல் வந்த எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 வரை பேட்ச் கொடுத்தார்கள். அது முடியும் சமயத்தில் தமிழக அரசு தன் துறைகளை, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது. போக ஓர் இடம் இருந்தது.

பழைய லேப்டாப்புக்கு இன்றும் அந்த வழி உண்டு, ஆனால் 64 பிட் ப்ராசஸர் வேண்டும். பாஸ் லினக்ஸுக்கு அடிப்படையான டெபியன், 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்து 32 பிட் கம்ப்யூட்டர்களுக்கு இன்ஸ்டாலர் தருவதில்லை. இதைப் படித்து உடனே பயந்துவிடாதீர்கள். விண்டோஸ் 32 பிட்டாக இருந்தாலும் ப்ராசஸர் 64 பிட்டாக இருக்கலாம். விண்டோஸ் 10-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போய் 'சிஸ்டம் டைப்' வரியைப் பாருங்கள். 'எக்ஸ்64 பேஸ்டு ப்ராசஸர்' என்று இருந்தால் போதும்.

பிறகு லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஒரு பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சவுண்ட், பிரிண்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பார்த்த பிறகே ஹார்ட் டிஸ்க்கில் கை வையுங்கள். போட்டோக்களை அதற்கு முன்பே வேறிடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள்.

மதுரையில் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "விண்டோஸ் 11 போட்டே தருகிறோம்" என்று கடைக்காரர் சொன்னால் ப்ராசஸர் எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். ஏழு அல்லது அதற்குக் கீழே என்றால் பெரும்பாலும் சோதனையைத் தாண்டிக் குதித்துப் போட்ட விண்டோஸாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட மெஷினுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேளுங்கள்.