பால்முள்ளும் பிரமதண்டும்

சென்ற சித்திரையில், மஞ்சட்காமாலையிலிருந்து எழுந்து நடமாடத் தொடங்கியிருந்த நண்பர் ஒருவர் ஒரு காகிதப் பொட்டலத்துடன் என் அறைக்கு வந்தார். விடுதிக்குப் பின்னாலுள்ள தரிசில் சேகரித்த விதை. "கல்லீரலுக்குக் கைகண்ட மருந்து! இதன் சத்தைத்தான் கடையில் மாத்திரையாக விற்கிறார்கள். நாமே வறுத்துப் பொடித்துக்கொண்டால் காசு மிச்சம்" என்றார். பிரித்துப் பார்த்தேன். கடுகு போல உருண்டு கறுத்த விதைகள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது பிரமதண்டு! குடியோட்டிப் பூண்டு என்று நம் ஊர்க் கிழவிகள் சொல்வார்களே, அதுதான். நண்பர் பட்டணத்துப் பிள்ளை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அவர் தேடிய செடிக்கு ஆங்கிலத்தில் மில்க் திசில் என்று பெயர். நாம் பால்முள் என்று வைத்துக்கொள்வோம். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த இதன் தாயகம் மத்தியதரைக் கடற்பகுதி. இன்று பஞ்சாப், ஜம்முத் தரிசுகளிலும் தானாக வளர்ந்து கிடக்கிறது. இலை நரம்புகளை ஒட்டிப் பால் சிந்தினாற்போல வெள்ளை வரிகள் ஓடும். கன்னி மரியாள் குழந்தைக்குப் பாலூட்டியபோது சிந்திய துளிகளே அவை என்பது ஐரோப்பியர் கதை.

இது கறிக்கும் ஆகும். ஓரத்து முட்களை நறுக்கிவிட்டு இளந்தளிரைக் கீரைபோல் வேகவைப்பார்கள். தண்டைத் தோலுரித்துச் சமைப்பார்கள். விதையை வறுத்துக் காப்பிக்குப் பதிலாகக் குடித்தவர்களும் உண்டு. (நம்மவர் நாக்கு அதை ஒப்புமா என்பது வேறு விஷயம்!)

மருந்துச் சரக்கு இருப்பது விதையில். 1968-இல் ஜெர்மானிய விஞ்ஞானிகள் அதைப் பிரித்தெடுத்துச் சிலிமாரின் என்றனர். அது நீரில் எளிதில் கரையாது. ஆகவே கஷாயமாகக் காய்ச்சினால் மிகச் சொற்பமே இறங்கும். கொடிய நச்சுக் காளானைத் தின்றவர்களுக்கு ஐரோப்பிய மருத்துவர்கள் இதன் சத்தை நரம்பின் வழியே ஏற்றுகிறார்கள். ஆனால் எல்லாக் கல்லீரல் நோய்க்கும் இது சஞ்சீவி என்று எண்ணிவிடக் கூடாது. கல்லீரல் அழற்சி 'சி' வகையால் நெடுநாள் வருந்திய 154 பேருக்கு அமெரிக்காவில் 24 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரையைவிட இது மேலான பலன் தரவில்லை என்று 2012-இல் வெளியிட்டார்கள்.

பிரமதண்டின் கதையோ பயங்கரமானது. அதன் விதையெண்ணெய் கடுகெண்ணெயில் கலந்தால் கால் வீங்கும், மூச்சுத் திணறும், இதயம் தளரும். 1998-இல் இதே டில்லியில் அப்படிக் கலந்த எண்ணெயால் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

இரண்டிலும் முள் உண்டு, இலையில் வெள்ளை வரியும் உண்டு, ஏமாறுவது எளிது. தண்டை ஒடித்துப் பாருங்கள்: மஞ்சள் பால் வடிந்தால் பிரமதண்டு. அதன் பூவும் மஞ்சள். பால்முள்ளின் பூ ஊதாக் குஞ்சம். சுற்றிலும் ஈட்டிபோல் முட்கள். அதன் விதை தட்டையாய், சற்றே நீண்டு, தலையில் வெள்ளை மயிருடன் காற்றில் பறக்கும்.

நண்பரை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். ஓய்வு, கொதித்தாறிய தண்ணீர், மதுவைத் தொடாமை. வேறு மருந்து வேண்டாம் என்றார். பொட்டலத்தை அன்றே குழி தோண்டிப் புதைத்தோம். அடுத்த ஆண்டு அங்கே முளைக்குமோ என்ற கவலை இப்போது எனக்கு!