தந்தி இலாகா ஊழியர் ஓவியக் கல்லூரி முதல்வர் ஆனார்!

"படம் போட்டா சோறு கிடைக்குமா?"

அஸ்தினாபுரத்தில் என்ன, எந்த ஊரிலும் படம் வரையும் பையனைப் பார்த்து வீட்டில் கேட்கும் கேள்வி இது. இதற்குப் பதில் பக்கத்திலேயே இருக்கிறது. அஸ்தினாபுரத்துக்குக் கிழக்கே, கடலோரம், ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டல ஓவியர் கிராமம்தான் அது. அதை உண்டாக்கியவர் கே.சி.எஸ். பணிக்கர்.

தந்தை மறைந்தார்

பணிக்கர் 1911-ல் கோவையில் பிறந்தார். 17 வயதிலேயே அவர் படங்கள் சென்னை கண்காட்சியில் இடம் பெற்றன. 18 வயதில் இடி விழுந்தது. தந்தை இறந்தார். குடும்ப பாரம் தலையில் ஏறியது. படிப்பை விட்டுவிட்டு, தந்தி இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார்.

சம்பளம் வந்தது. மனசு மட்டும் தூரிகையிலேயே இருந்தது. 1936-ல், 25 வயதில், சென்னை அரசு ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அங்கே முதல்வர் தேவி பிரசாத் ராய் சவுத்திரி. மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையை வடித்தவர் இவர்தான்.

படித்த இடத்திலேயே பணிக்கர் ஆசிரியர் ஆனார். 1957-ல் குருவின் நாற்காலியில் முதல்வராக உட்கார்ந்தார்.

பிழைப்புக்கு வழி

பதவி கிடைத்தும் கவலை தீரவில்லை. கல்லூரியை விட்டு வெளியே போகும் பையன்கள் கதி என்ன? பிழைப்புக்காகத் தூரிகையைக் கீழே போட வேண்டியதுதானா? அந்தக் கஷ்டம் அவர் பட்டதாச்சே!

ஒரு வழி கண்டார். துணியில் மெழுகு பூசி, சாயத்தில் தோய்த்து எடுக்கும் 'பாத்திக்' போன்ற கைவேலைகளை ஓவியர்கள் செய்தார்கள். அவற்றை விற்றார்கள். சேர்ந்த காசில் ஈஞ்சம்பாக்கத்தில் மணல்வெளியாகக் கிடந்த நிலத்தை வாங்கினார்கள். 1966-ல் கிராமம் பிறந்தது. கைவேலை வயிற்றுக்கு. ஓவியம் மனசுக்கு!

ஜாதகக் கட்டம்

பணிக்கரின் சொந்த ஓவியமும் புதுப் பாதையில் போனது. ஜாதகக் கட்டம், கணக்கு, மலையாள எழுத்து எல்லாம் அவர் படங்களுக்குள் வந்தன. 'சொற்களும் குறியீடுகளும்' என்ற அந்த வரிசை பெரும் புகழ் பெற்றது.

1977-ல் அவர் காலமானார். கிராமம் நிலைத்தது. ஓவியர்கள் அங்கேயே வீடு கட்டிக் குடியேறினார்கள். பிள்ளை குட்டிகளை வளர்த்தார்கள். அவர் பெயரில் அருங்காட்சியகமும் அங்கே இருக்கிறது.

படம் போட்டவர்களுக்கும் சோறு கிடைத்தது!