பாற்பாத்திரங்களும் கிருமிநாசினியும்

சில மாதங்களுக்கு முன் விவசாயி ஒருவர், பால் கறக்கும் பாத்திரங்களைத் தாம் கழுவும் தொட்டியை எமக்குக் காட்டினார். சவுக்காரத்தையும், விலை கொடுத்து வாங்கிய பென்ஸால்கோனியம் குளோரைட் என்னும் கிருமிநாசினியையும் ஒரே ஜலத்தில் கலந்திருந்தார். இரண்டும் சேர்ந்தால் பலம் இரட்டிக்கும் என்பது அவருடைய எண்ணம். ஜலமோ வெளுத்துக் கலங்கியிருந்தது. பால் திரிந்துவிட்டதென்று சங்கத்தில் இருமுறை திருப்பப்பட்டதாகவும் குறைப்பட்டுக்கொண்டார்.

இதன் காரணம் யாதெனில், இவ்விரண்டும் ஏறக்குறைய ஒரே அமைப்புடையவை. ஒவ்வொன்றின் மூலக்கூறுக்கும் ஜலத்தை நாடும் தலையொன்றும், கொழுப்பை நாடும் நீண்ட வாலொன்றும் உண்டு. ஆயினும் சவுக்காரத்தின் தலை எதிர் மின்னேற்றமுடையது. கிருமிநாசினியின் தலையோ நைட்ரஜன் அணுவொன்றைக் கொண்டு நேர் மின்னேற்றம் பெற்றது. கிருமிகளின் மேற்புறம் எதிர் மின்னேற்றமுடையதாகையால், நேர் மின்னேற்றமுள்ள தலையைத் தன்பால் இழுத்துக்கொள்ளுகிறது. பின்னர் வாலானது கிருமியின் சவ்வினுள் நுழைந்து அதைக் குலைக்க, உள்ளிருப்பவை ஒழுகிக் கிருமி மடிகிறது. சவுக்காரத்துடன் கலந்தாலோ, இருவகைத் தலைகளும் தம்முள் பிணைந்துவிடுகின்றன. கிருமியைத் தாக்க மருந்து மிஞ்சுவதில்லை. அத்தொட்டியில் கண்ட கலங்கல் அதுவே.

இவ்வின மருந்துகளின் கிருமி கொல்லும் ஆற்றலை 1935-ஆம் வருஷம் ஜெர்மனியில் கெர்ஹார்ட் டோமாக் என்பவர் வெளியிட்டார். வாலின் நீளமும் கவனிக்கத்தக்கது. 12 முதல் 16 வரை கரியணுக்கள் கொண்ட வாலே நன்கு வேலை செய்யும். மிகக் குறுகியது சவ்வில் ஊன்றாது. மிக நீண்டது ஜலத்தில் செவ்வனே கரையாது.

சாணத்தோடு வரும் கோலி இனக் கிருமிகளுக்குப் புறச்சவ்வு ஒன்று அதிகப்படியாக இருப்பதால் அவை சற்றுத் தாக்குப்பிடிக்கும். தயிரை உறையச் செய்யும் நல்ல கிருமிகளோ எளிதில் மடியும். ஆகவே மருந்து பாத்திரத்தில் தங்கினால் தயிர் சரிவர உறையாது. இல்லத்தரசிகள் இதை முதலில் கண்டுகொள்வார்கள்!

ஆகையால், கறந்தவுடன் பாத்திரத்தைப் பச்சைத் தண்ணீரால் அலசிப் பால் ஒட்டின்றிப் போக்கவேண்டும். பாலின் மிச்சமும் மருந்தைக் கெடுக்கும். அடுத்து வெந்நீரும் சவுக்காரமும் இட்டுத் தேய்த்து, வழுவழுப்பு அறவே நீங்குமளவும் கழுவவேண்டும். இதன் பின்னரே வேறு தொட்டியில் மருந்து. நூற்றுக்கு 50 பங்கு வீரியமுள்ள திரவமாயின் 10 லிட்டர் ஜலத்துக்கு 4 மில்லிலிட்டர் போதும். அதாவது பத்து லட்சத்தில் 200 பங்கு. வேறு வீரியமாயின் புட்டியின் மேலுள்ள குறிப்பைப் பின்பற்றுக. சில நிமிஷம் ஊறவிட்டு, வடித்துக் கவிழ்த்து வைத்து, மறுமுறை கறப்பதற்கு முன் காய்ச்சி ஆறிய ஜலத்தால் அலசிக்கொள்ளலாம்.

சுண்ணாம்புச் சத்து மிகுந்த கிணற்று ஜலம் இம்மருந்தின் வலுவைக் குறைக்கும். அத்தகைய ஊர்களில் மருந்துத் தொட்டிக்கு மட்டுமேனும் மழைநீரைச் சேமித்து வைத்துக்கொள்ளுதல் நலம்.