பேருந்துச் செலவும் சிகிச்சைச் செலவுதான்

சாப்பிட்ட கையோடு கழிவறைக்குப் போய் விரலை விட்டு வாந்தி எடுப்பது, எடை ஏறிவிடுமென்று நாள்கணக்கில் பட்டினி கிடப்பது, யாருமில்லாத நேரத்தில் வயிறு வலிக்கிற அளவுக்குச் சாப்பிட்டுவிட்டு அவமானத்தில் அழுவது. வீட்டில் இதை அல்சர் என்பார்கள், வீம்பு என்பார்கள். இது உணவுக் கோளாறு என்னும் மனநோய். ஆண், பெண் இருவருக்கும் வரும், சிகிச்சையும் உண்டு. வெளிநாட்டு வியாதி என்று ஒதுக்கவும் முடியாது. 1990-களிலேயே அன்றைய மதராஸில் மருத்துவ மாணவர்கள் 210 பேரிடம் நடந்த ஆய்வில், 31 பேருக்கு உணவையும் எடையையும் பற்றிய மன உளைச்சல் இருந்தது தெரியவந்தது.

இதற்கு முதன்மையான சிகிச்சை பேச்சு சிகிச்சை. ஒருமுறை போய் மாத்திரை வாங்கி வந்தால் தீராது. அளவுக்கு மீறி உண்டு வாந்தி எடுக்கும் புலிமியா நோயாளிகள் 149 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2017-இல் வெளிவந்தது. 20 வாரங்களில் 16 அமர்வுகள். ஒரு பிரிவினர் நேரில் வந்தார்கள், மற்றவர்கள் இணைய அரட்டையில் கலந்துகொண்டார்கள். சிகிச்சை முடிந்தபோது நேரில் வந்தவர்களே கூடுதலாகத் தேறியிருந்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது அந்த இடைவெளி பெரும்பாலும் மறைந்திருந்தது. மறு ஆண்டு செலவுக் கணக்கு வந்தது. இரண்டு முறைக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் நோயாளி தன் கையிலிருந்து செய்த செலவு இணையவழியில் குறைவாக இருந்தது.

அரியலூர் மாவட்டத்து ஆண்டிமடத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது இந்தக் கடைசிக் கணக்கைத்தான். இங்கிருந்து 16 முறை ஜெயங்கொண்டம் வழியாக அரியலூருக்கோ, அதையும் தாண்டித் திருச்சிக்கோ போய்வர வேண்டும். பெண்பிள்ளையைத் தனியாக அனுப்பமாட்டார்கள். ஆகவே இரண்டு பேருக்கு டிக்கெட், அம்மாவுக்கு ஒரு நாள் கூலி, மகளுக்கு ஒரு நாள் படிப்பு. முந்திரிக்கொட்டை பொறுக்கும் பருவத்தில் அந்தக் கூலியை விடுவது எளிதல்ல. "எங்க போயிட்டு வர்றீங்க?" என்ற கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அரசு மருத்துவமனையில் கட்டணமே இல்லையென்றாலும், பாதியில் சிகிச்சை நின்றுபோக இவ்வளவு போதும்.

இந்த அலைச்சல் இல்லாமல் தொடங்க ஒரு வழி உண்டு: அரசின் டெலி மானஸ் என்னும் மனநலத் தொலைபேசிச் சேவை. அதன் 14416 என்ற எண்ணை அழைக்கக் காசு இல்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவை இரவும் பகலும் உண்டு, தமிழில் பேசலாம். முழுச் சிகிச்சையும் அங்கேயே முடிந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆலோசனை சொல்வார்கள், தேவையானால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். தொடக்கத்துக்கு அதுவே பெரிய உதவி.

காசு கொடுத்து இணையத்தில் ஆலோசனை பெறுகிறவர்கள் முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள். மனநல மருத்துவருக்கு மருத்துவ கவுன்சில் பதிவும், மருத்துவ உளவியலாளருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவும் இருக்க வேண்டும். எடைக் குறைப்புப் பொடி விற்றுக்கொண்டே 'கவுன்சலிங்' தருகிறவர்களிடம் இந்த நோயாளியை ஒப்படைப்பது ஆபத்து. பட்டினியை அவர்கள் சாதனை என்று பாராட்டுவார்கள்.

திரை வழியே ரத்தப் பரிசோதனை செய்ய முடியாது. அடிக்கடி வாந்தி எடுத்தால் உடலில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். ஆகவே இணையச் சிகிச்சை நடக்கும்போதும் எடை, ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை ஆகியவற்றை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பக்கத்து மருத்துவமனையிலோ பார்த்துக்கொள்ள வேண்டும். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, வாந்தியில் ரத்தம், சாக வேண்டுமென்ற பேச்சு: இவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 உங்கள் பக்கம் இருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, அட்டை இல்லாவிட்டாலும், அரசு மனநல நிலையங்களில் சிகிச்சை இலவசம். நோய் விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது சிகிச்சை தருபவரின் கடமை. உடல்நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்கிறது 21-ஆம் பிரிவு. காப்பீட்டு நிறுவனம் மறுத்தால் எழுத்தில் காரணம் கேட்டு, முதலில் அங்கேயே புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. போலி ஆலோசகரிடம் ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். ரசீது, குறுஞ்செய்தி, பணம் அனுப்பிய விவரம் எதையும் அழித்துவிடாதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; ஆலோசனை தந்த நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் சரிதான்.